முப்பத்திரண்டு பித்தளைக் கூடுகள்

ஓய்வுபெற்ற மனிதருக்குத் துப்பாக்கி எதற்கு என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். கோல்ஃப் ஆடுகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. லைசென்ஸுக்காக வீட்டுக்கு வந்த அதிகாரி, நான் கோபக்காரனா என்று என் மனைவியைத் தனியாக விசாரித்தார். அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது. ஆனாலும் லைசென்ஸ் வந்தது.

நான் சுடுவது காகித இலக்கை மட்டும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்னவர், நகரின் மறுகோடியில் மாசி என்ற புறநகரில் இருந்த என் நண்பர். மலேசியத் தமிழர், என்னைவிட இளையவர். தன் கராஜில் பல வருடங்களாக இதைச் செய்துகொண்டிருந்தார்.

நான் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு மருந்து பேக்கிங் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். மாத்திரை டப்பாவில் லேபிள் ஒட்டுவதற்கே பதினான்கு பக்கம் நடைமுறை எழுதியிருக்கிறேன். அதனால் கூட்டை நிரப்பி அழுத்தும் பிரஸ், மருந்தை நிறுக்கும் தராசு என்று கருவிகள் வாங்கும் முன் அட்டவணை போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை பிரஸ்; தலையைத் திருப்பினால் அடுத்த வேலைக்குப் போகும் சுழல் பிரஸ்; கைப்பிடியை இழுக்க இழுக்க முழுத் தோட்டாவாகத் துப்பும் பெரிய இயந்திரம். தராசு எலக்ட்ரானிக்கா, முள் வைத்ததா? மொத்தம் பதினொரு பத்திகள். நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிரஸ் வாங்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார்.

சிரித்தாலும் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். கூடுகளை நிற்கவைக்கும் பலகையில் வரிசைக்குப் பத்துத் துளை. ஒரு வரிசைக்கு மருந்து போட்டதும் டார்ச் அடித்து எல்லாக் கூட்டிலும் மட்டம் ஒன்றா என்று பார்த்து, நோட்டில் நேரத்தை எழுத வேண்டும் என்றேன். அன்றிலிருந்து எழுதினார். பதிலுக்கு அவர் எனக்கு ஒரு விதி கொடுத்தார். மேசையில் உட்கார்ந்தால் போனை எடுக்கக் கூடாது. பேசிவிட்டுத் திரும்பினால் ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்துவிடும். அது துப்பாக்கியோடு முகத்தையும் கொண்டுபோகும்.

ஒரு சனிக்கிழமை மதியம் துப்பாக்கிக் கடையில் நின்றபடி அவரைக் கூப்பிட்டேன். போன் அடித்து ஓய்ந்தது. மேசையில் இருக்கிறார் என்று புரிந்தது. வெறுங்கையோடு ஹில்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று ஐந்து மணிக்கு அவர் மனைவி கராஜுக்குள் போனபோது, மேசைக்கும் காருக்கும் நடுவே நண்பர் தரையில் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி என்னை அழைத்தார். ரைபிளைக் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். "மத்த சாமானெல்லாம் நீங்களே எடுத்துக்குங்கண்ணே. எனக்கு அதுங்க பேருகூடத் தெரியாது." பதினொரு பத்திகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கராஜில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. தராசுத் தட்டில் மருந்து அப்படியே இருந்தது. பலகையில் மூன்று வரிசை முழுதாக நிரம்பியிருந்தது. நான்காவதில் இரண்டு. ஐந்தாவது காலி. நோட்டில் அவருடைய குண்டுக் கையெழுத்து: இரண்டு இருபது, இரண்டு முப்பத்தைந்து, இரண்டு ஐம்பது.

அவர் மனைவி வாசலிலேயே நின்றார். "ஒண்ணு கேக்கணும்ணே. நீங்க அன்னைக்குக் கூப்பிட்டப்போ அவர் இருந்தாரா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் எனக்கு முப்பது வருடம் சம்பளம் கொடுத்தார்கள். வரிசைக்குப் பதினைந்து நிமிடம், கூட்டுக்கு ஒன்றரை. நான்காவது வரிசையின் இரண்டுக்கு மூன்று நிமிடம். அவர் கை நின்றது இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு. நான் கூப்பிட்டது மூன்று பத்துக்கு. அது என் போனில் இன்னும் இருக்கிறது. நடுவே பதினேழு நிமிடம். கணக்கு முடியும்வரை அது கணக்காகத்தான் இருந்தது.

"அப்போ அவர் போயிட்டாரும்மா. அதுக்கு முன்னாடியே."

"எப்படிச் சொல்றீங்க?"

நோட்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வேலைய நிறுத்துனாருன்னுதானேண்ணே இதுல இருக்கு?"

எத்தனையோ ஆடிட்டர்களைச் சமாளித்தவன் நான். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஒத்த பிரஸ் வாங்கறதா, சுத்தறது வாங்கறதான்னு கேக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"மறுபடி ஏண்ணே கூப்பிடல?"

விதியை மதித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "கோவம்மா. கடைக்காரன் முன்னாடி என்னை நிக்க வெச்சுட்டாருன்னு."

அவர் மனைவி சிரிக்க முயன்றது போலிருந்தது. "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். போன் அடிக்குது, எடுக்கல. சரி, மேசையில இருக்காரு லான்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டி அடிச்சிருந்தா எழுந்து போயிருப்பேண்ணே. அவருக்கு ரெண்டு வாட்டி அடிச்சா அது அவசரம்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தேவலை.

எந்த மருந்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வைத்திருக்கக் கூடாது. அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பலகையை எடுத்தேன். ஒவ்வொரு கூடாக ஒரு டப்பாவில் கவிழ்த்தேன். சாம்பல் நிறத் துகள்கள், கடுகைவிடச் சிறியவை. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முப்பத்திரண்டிலும் ஒரே மட்டமாக இருந்திருக்கும். நான் அடிக்கவில்லை. அவர் மனைவி கடைசிக் கூடுவரை நின்று பார்த்தார்.

பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்ற ஸ்பேனர் கேட்டேன்.

"இன்னைக்கு வேணாண்ணே. கொஞ்ச நாள் இருக்கட்டும். அப்புறம் கூப்பிடுறேன்."

அது ஒற்றை பிரஸ்தான், பச்சை நிறம். கைப்பிடியின் உருண்டையில் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வழவழத்திருந்தது. தொடாமல் வந்துவிட்டேன்.

ஏழு மாதமாகிறது. அவர் மனைவி கூப்பிடவில்லை. எத்தனையோ நாள் அவருடைய எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைக்கிறேன். ஒரு தடவை அழைத்து அவர் எடுக்காவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் நடைமுறை எதுவும் இல்லை.