மேலாளரின் முதல் கேள்வி

காரைக்குடியில், சிறுதொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளராக இருக்கிறேன். கைகொடுப்பதெல்லாம் பெயர்ப்பலகையில்தான்.

கடனுக்குப் பரிந்துரை கேட்டு வரும் பெண்களிடம் எங்கள் பழைய மேலாளர் தொழிலைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "வீட்டுக்காரர் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பிரிந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். "ஒரு புருசனையே கட்டிக் காப்பாத்தத் தெரியலை, கடையை எப்படி நடத்துவீக?" என்பார். மேசையைச் சுற்றியிருக்கும் ஆண்கள் சிரிப்பார்கள். கோட்டையூரிலிருந்து வந்த ஒருத்தி, மாதிரிக்குக் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலை மறந்துவிட்டு அழுதுகொண்டே போனாள். மதியம் அதையும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் திட்டினேன். விஷயம் ஊரெல்லாம் பரவி, தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் அந்த அறைக்குள் நுழைவார்கள்.

அவர் ஓய்வு பெற்றார். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பழகியவர் மேலாளரானார். நாற்காலியோடு கேள்வியும் அவருக்கு வந்து சேர்ந்தது.

போன வருடம் பழைய மேலாளர் தன் மகளோடு வந்தார். கணவன் அவளையும் குழந்தையையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஊருக்குள் செக்காலைப் பக்கம் தையல் கடை வைத்தால்தான் அவள் அப்பா வீட்டை விட்டுத் தனியே பிழைக்க முடியும். "நம்ம ஆபீசுதாம்மா, பயப்படாம போ" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வராந்தாவில் உட்கார்ந்தார். மனுஷன் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

யாருடைய மகள் என்று தெரிந்தேதான் புது மேலாளர் அதே கேள்வியைக் கேட்டார். அந்த நக்கலோடு முழுவதையும் கேட்டார். தைத்துக் கொண்டுவந்த ரவிக்கைகளை அவள் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பரிந்துரை கிடையாது என்று சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் சந்தோஷம் அங்கேயே செத்தது.

அடுத்தவரைக் கூப்பிட அவள் பின்னாலேயே வெளியே வந்தேன். பழைய மேலாளர் ஆவலாக எழுந்தார்.

"என்னம்மா கேட்டாக?"

"நீங்க வீட்ல சாப்பிடுறப்ப எங்ககிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீகளே அப்பா, அதைத்தான்."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.