கல்லுக்குக் கீழே கிடந்த துணி

சுனாமியில் செத்த மனைவி றெஜினாவை லூர்து வாவிக்கரைச் சேமக்காலையில் புதைத்தான். உள்நாட்டுச் சண்டை முடிந்தபின், கரை அரிக்காமலிருக்க அங்கே தடித்த துணி விரித்துக் கல் அடுக்கினார்கள். தண்ணீரைப் போகவிட்டு மண்ணைப் பிடித்துவைக்கிற துணி. றெஜினாவின் தம்பி சதீஸ் கல்லைப் புரட்டி, துணியை வெட்டியெடுத்து அதில் கருவாடு காயப்போட்டிருந்தான்.

லூர்து அத்தனை மீனையும் மணலில் கொட்டினான்.

"அத்தான்! சும்மா கிடந்த துணிதானே!"

"அதுக்குப் பின்னால உன்ட அக்கா கிடக்காள்டா! ஒருக்காக் கடல் கொண்டுபோனது காணாதா? வாவியும் கொண்டுபோகணுமா? தூக்குடா துணிய!"

சதீஸ் துணியைக் கரைக்குச் சுமந்து வந்தான். கிழிந்த வலை பொத்தும் ஊசியில் நைலோன் நூல் கோத்து, வெட்டின இடத்தில் அதை வைதபடியே லூர்து தைத்தான்.

"இழுத்துப் பிடி! இது வலையில்ல, கண் விட்டுத் தைக்க!"