சும்மாப் படம்

சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறார். கூர் ஊசி இல்லாத சிரிஞ்சு அது, உள்ளே பசை. தலையில் மாட்டும் துணித் தொப்பியின் ஓட்டை ஒவ்வொன்றிலும் இந்தப் பசையை இறக்கினால்தான் மூளையின் மின்சாரம் கம்பிக்கு வந்து சேரும். "சில்லுனு மண்டையில இறங்கினா ஆளு திடுக்குனு ஆயிடுவாங்க. அப்புறம் அந்தத் திடுக்கே அலையில வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கும்," என்கிறார். அதற்காகத்தான் இந்த உருட்டல். ஒருமுறை கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே உருட்டினார். அன்று பசை நன்றாகவே சூடேறியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் தொப்பியக்கா. பதவிக்கு வேறொரு நீளமான பெயர் உண்டு. அதை அவரே சொல்லிக்கொள்வதில்லை. ஆட்களை முகத்தை வைத்து நினைவு வைத்துக்கொள்கிற வழக்கமும் இல்லை. எல்லாம் உச்சந்தலைதான். என்னை முதல்முறை பார்த்தபோது வணக்கம் சொல்லும் முன்பே பின்பக்கம் சுற்றி வந்து, "ரெட்டைச் சுழி! வீட்ல தெரியுமா?" என்றார். "தெரியும், தெரியும்" என்று நான் பதறிப்போய்ச் சொன்னதை இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

தாடைகளும் அவருக்கு ஒரு பித்து. பல்லைக் கடித்தால் அந்தத் தசையின் மின்சாரம் மூளையின் மெல்லிய அலையை மூழ்கடித்துவிடும். அதனால் வேலை முடிந்து ரயிலில் போகும்போதும் எதிர் இருக்கைக்காரர்களின் தாடையைத்தான் கவனிக்கிறார். "அந்த நீலச் சட்டையைப் பாருங்க தம்பி. கடிச்சிட்டே வர்றாரு. ஒண்ணு பொண்டாட்டியோட சண்டை, இல்ல பல்லுவலி."

கூடத்தில் நடக்கும் வேலை இதுதான். வருகிறவருக்கு ஒரு கேப்ஸ்யூல் கொடுப்பார்கள். உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட ஒரு மூளை ரசாயனத்தை அசைத்துப் பார்க்கிற மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவாகவும் இருக்கலாம். விழுங்குகிறவருக்கும் தெரியாது, தொப்பியக்காவுக்கும் தெரியாது. பிறகு திரையில் படங்கள் ஓடும். சிரிக்கும் குழந்தை, சீறும் பாம்பு, நசுங்கிய கார். மனத்தைத் தொடுகிற படம் என்றால், அரை விநாடிபோலக் கழித்து அலை எழும்பிச் சற்று நேரம் இறங்காமல் நிற்கும். ரசாயனம் மாறினால் அந்த எழுச்சியும் மாறுமா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு படத்தில் ஒன்றும் தெரிந்துவிடாது. நிறையப் படங்களைக் காட்டிச் சராசரி எடுத்தால்தான் கோடு பேசும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மனத்தை எதுவும் செய்யாத படங்களும் வேண்டும்: நாற்காலி, குடை, சாவிக்கொத்து. கூடத்தில் எல்லாரும் அவற்றைச் சும்மாப் படம் என்றே சொல்கிறார்கள். தமிழ் பேசுகிற பங்கேற்பாளர்களுக்கான குறிப்புகளை மொழிபெயர்க்கப் போன நான், நடுநிலைப் படம் என்று எழுதிப் பார்த்தேன். நாற்காலி நீதிபதி ஆகிவிட்டது. சும்மாப் படமே நின்றது.

இப்போதுள்ள சும்மாப் படங்களை எடுத்தவரும் தொப்பியக்காதான். பழைய தொகுப்பில் எண்ணைச் சுழற்றும் தொலைபேசி ஒன்று இருந்தது, இளவட்டங்கள் "இது என்னதுக்கா?" என்று வியந்து அலையை எகிற வைத்துவிட்டார்கள். ஆய்வை நடத்தும் மாணவி புதிய படங்கள் கேட்க, தொப்பியக்கா ஒரு விடுமுறை நாளில் தன் வீட்டையே சுற்றி வந்து எடுத்தார். கைப்பிடி உடைந்த கோப்பை. ஜன்னலோர நாற்காலி. கொடியில் ஒற்றைக் காலுறை. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. "செருப்பை எதுக்கும்மா படம் எடுக்கிற?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

"சும்மா."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சினிமாவில் அழுகைக் காட்சி வருமுன்பே அழுதுவிடுகிற ஆள். "பேர் போடறப்பவே கர்சீப்பை எடுத்து மடியில வச்சுக்குவாரு." போன வருடம் அவருக்கு மனம் சரிந்தது. தூக்கம் போயிற்று. வேலைக்குக் கிளம்பிப் போய், வண்டியைக் கிளப்பாமல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இப்போது தூங்குகிறார், சாப்பிடுகிறார், லிஃப்டுகளை மேலேயும் கீழேயும் ஓட வைக்கிறார். ஆனால் கர்சீப் மடித்தபடியே இருக்கிறது. "பஞ்சு சுத்தி வச்ச மாதிரி இருக்கு. ஆனா வலிக்கல," என்றாராம்.

"தூங்கறாரே, அதுவே பெரிய நிம்மதி தம்பி," என்று தேநீர் இடைவேளையில் ஒருநாள் சொன்னார் தொப்பியக்கா. "ஆனா அந்தப் பஞ்சுக்கு வெளியில நானும் நிக்கிறேனோன்னு ஒரு இது. என்மேல இன்னும் ஆசை இருக்கான்னு கேக்கற பழக்கமெல்லாம் எங்க வீட்ல கிடையாது. கேட்டா, ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பாப்பாரு."

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்த முடியுமா என்று கேட்பதா, வேண்டாமா என்று தொப்பியக்காவுக்குள் இழுபறி. நிறுத்தினால் பழைய ஆள் திரும்பக் கிடைக்கலாம். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஆளும் கிடைக்கலாம்.

புதுத் தொகுப்பையும் என் குறிப்புகளையும் ஒத்திகை பார்க்கும் நாளில், வர வேண்டியவர் வரவில்லை. மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்த லிஃப்ட்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள் மாணவி. "கேப்ஸ்யூல் எல்லாம் இல்லை சார். வெறும் ஒத்திகை."

"எனக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு ஓடிட்டிருக்கும்மா," என்றார் அவர் சாதுவாக.

தொப்பியக்கா அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் உருட்டினார். "பல்லைக் கடிக்காதீங்க. கடிச்சா மூளை தெரியாது, பல்லுதான் தெரியும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடிச்சிட்டுத்தானே இருக்கேன்?" முகம் மாறாமல் கேட்டார். மாணவி சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை, பசையை இறக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குறிப்புகள் அவருக்குப் புரிய வேண்டுமே என்பது என் கவலை. பக்கத்து நாற்காலியின் கவலை வேறு. படங்கள் ஓடி முடிந்து, மாணவி கோடுகளை வரவழைத்தாள். குழந்தைக்கும் பாம்புக்கும் நசுங்கிய காருக்கும் கோடு லேசாகத் தலையைத் தூக்கிவிட்டுச் சோம்பலாகப் படுத்துக்கொண்டது. தொப்பியக்காவின் கைகள் காலி சிரிஞ்சை உருட்டத் தொடங்கின.

அடுத்து சும்மாப் படங்களின் கோடு. எழும்பியது. எழும்பி, நின்றது.

"ஐயையோ, மாத்திப் போட்டுட்டேனா?" மாணவி சரிபார்த்தாள். மாறவில்லை. தொகுப்பைத் திறந்தாள். கோப்பை, நாற்காலி, காலுறை, செருப்பு. நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா! இது அவர் வீடுக்கா! அவருக்கு இது எப்படிச் சும்மாப் படம் ஆகும்? ரெண்டு பேருக்குமே தோணலையே! ஒத்திகை மொத்தமும் வேஸ்ட்."

"வேஸ்ட்டுதான்," என்றார் தொப்பியக்கா. அந்தக் குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

"தெரிஞ்ச பொருளைப் பாத்தாலே கொஞ்சம் எகிறும்க்கா. ஒருத்தர் தலையை வச்சு எதுவும் சொல்லிட முடியாது. மாத்திரையைப் பத்தியும்தான்."

"நான் இப்ப ஏதாவது சொன்னேனாடி?" கண் மட்டும் கோட்டைவிட்டு நகரவில்லை. கொஞ்சம் கழித்து, யாரும் கேட்காமலே, "தூங்கட்டும்," என்றார்.

பசையைக் கழுவிக்கொள்ள அங்கே ஒரு தொட்டி இருக்கிறது. யாராக இருந்தாலும் கையில் துண்டைக் கொடுத்து, குழாயைக் காட்டிவிட்டு, தொப்பியை அலசப் போய்விடுவார் தொப்பியக்கா. அன்று தொப்பி மேசையிலேயே கிடந்தது.

"என்னம்மா, மெஷின் ஏதாவது சொல்லுச்சா?" தொட்டிக்குள் குனிந்தபடியே கேட்டார் லிஃப்ட்காரர். "நம்ம செருப்பையெல்லாம் இங்க கொண்டாந்து காட்டுறீங்க?"

"சும்மாதான்," என்று சொல்லிக் குழாயைத் திறந்தார் தொப்பியக்கா. தண்ணீர் சில்லென்று வந்தது. ஒரு கையால் கணவரின் தலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சூடு வருகிறதா என்று மறு கையின் மணிக்கட்டை அதன்கீழ் நீட்டியபடி நின்றார்.