அழிக்க முடியாத நாற்பத்திரண்டு

அவளை எல்லோரும் முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எப்பேர்ப்பட்ட சிக்கல் விழுந்த நூல்கண்டைக் கொடுத்தாலும் வாய் திறக்காமல் உட்கார்ந்து அவிழ்த்துவிடுவாள். அண்ணன்மார் வைத்த பெயர், கல்யாணத்துக்கு அப்புறமும் கூடவே வந்துவிட்டது.

வேலை, லிஃப்ட் கம்பெனியில். பெரிய கட்டடங்களில் இரண்டு மூன்று லிஃப்ட் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, ஏழாவது மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் எது போக வேண்டும் என்று முடிவு செய்கிற கணினி நிரலை எழுதுபவள் அவள். வழக்கமாக அதற்கென்று ஒரு தலைமைப் பெட்டி இருக்கும். அது படுத்தால் எல்லா லிஃப்ட்டும் படுத்துக்கொள்ளும். இவள் எழுதியதில் தலைமையே கிடையாது. "நான் நாலில் நிற்கிறேன், நீ எங்கே?" "நான் ஒன்பதில், நீயே போய்விடு" என்று லிஃப்ட்டுகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும்.

"நம்ம வீட்டுலயும் இப்படிப் பேசித் தீர்த்துக்கிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பான் அவள் புருஷன். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவன். நாளுக்கு நாலு தமாஷ் பண்ணாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அவன் தங்கை தையல்காரி. இரண்டு தெரு தள்ளிக் கடை. கோட்டு, கவுன், கால்சட்டை என்று ஒவ்வொன்றுக்கும் காகிதத்தை எப்படி வெட்டுவது, தையலுக்கு எவ்வளவு விடுவது என்று கையால் வரைந்து, படம் எடுத்து, ஒரு இலவச இணையதளத்தில் போட்டுவைத்திருந்தாள். முந்நூற்று நாற்பது பக்கம். முகம் தெரியாத தையல்காரர்கள் எத்தனையோ பேர் அதைப் பார்த்துத் தைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தளத்தை நடத்திய கம்பெனி, "இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் கடையைக் கட்டிவிட்டது. நாத்தனாரிடம் பிரதி இல்லை. போனில் இடம் போதவில்லை என்று படங்களை அவளே அழித்திருந்தாள்.

"ஆயிரம் பேர் பார்த்திருப்பாங்க அண்ணி. ஒருத்தர்கிட்டயுமா இல்ல?" என்று மூக்கைச் சிந்தினாள்.

அந்தக் கேள்வி முடிச்சைப் பிடித்துக்கொண்டது. பார்த்த ஆயிரம் பேர் கணினிக்கும் அந்தப் பக்கங்கள் ஒரு நிமிஷமாவது வந்து போயிருக்கின்றன. வந்ததைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் கம்பெனி போனால்தான் என்ன?

தேடிப் பார்த்தபோது, இதையே யோசித்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 'பக்கத்துவீடு' என்று ஒரு திட்டம். நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். அதைத் தொடங்கியவர் தன் படத்துக்குப் பதிலாக ஓர் ஆந்தையின் படத்தை வைத்திருந்ததால் அவர் பெயரே ஆந்தை ஆகிவிட்டது. இதில் ஒரு பக்கம் யார் யார் கணினிக்கு வந்து சேர்கிறதோ அவர்களிடமே அது தங்கிவிடும். அடுத்தவர் கேட்டால் அங்கிருந்தே போகும். எழுதியவரின் முத்திரை இருப்பதால் நடுவில் எவரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தோடு சங்கிலிக் கண்ணி போலக் கோத்திருக்கும்.

எல்லாம் சரி, ஒரு குறை இருந்தது. நாலு நாள் அணைந்து கிடந்த கணினி எழுந்து வந்தால், தன்னிடம் எது இல்லை என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் திணறும். முடிச்சு மூன்று வாரத்தில் அதைச் சரிசெய்து அனுப்பினாள்.

"பிரமாதம். இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று ஆந்தை எழுதிக் கேட்டார்.

"லிஃப்ட்டுல" என்று எழுதினாள். அவர் அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் போனது. அதற்குள் பக்கத்துவீட்டின் திரையும் பொத்தான்களும்கூட முடிச்சின் கைவேலை ஆகிவிட்டன. நாத்தனார் பக்கங்களை மறுபடி வரைய ஆரம்பித்தாள். அவள் கடையைத் தவிரப் பதினோரு இடங்களில், கடையும் வீடுமாக, பக்கத்துவீடு ஓடியது. ஒரு கணினி அணைந்தால் இன்னொன்று கொடுத்தது. சந்தோஷத்தில் முடிச்சுக்குத் தலைகால் புரியவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. நாத்தனார் வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, ஒண்ணை உடனே அழிக்கணும்!"

வாடிக்கையாளர்களின் அளவுகளை அவள் தன் சொந்தக் குறிப்பில் எழுதி வைப்பது வழக்கம். 'வைத்துக்கொள்' என்ற பொத்தானை அழுத்துவதற்குப் பதில், பக்கத்தில் இருந்த 'பகிர்' பொத்தானை அழுத்திவிட்டாள். அப்படி எல்லோருக்கும் போன குறிப்பு இதுதான்: "பாட்டு டீச்சர். இடுப்பு 42. முப்பத்தாறு என்பார், நம்பாதே. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏதாவது பேச வைத்து, பேசும்போது அள."

முடிச்சு படித்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அழிக்க முடியாதுடி."

"முடியாதா? நீங்கதானே செஞ்சீங்க?"

"முடியாத மாதிரிதான் செஞ்சேன்."

உள்ளே பொய்ப்பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த புருஷன் சிரித்த சிரிப்பில் ஒரு பல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியபின் முடிச்சுக்கு உறுத்தியது. இரண்டு பொத்தானையும் அக்கம்பக்கத்தில் வைத்தது அவள்தான். அவசரமாக ஆந்தைக்கு எழுதினாள். அவர் அசையவில்லை. "யாராலும் அழிக்க முடியாது என்பதுதானே நம்ம பெருமை? இன்னைக்குத் தையல்காரிக்காக அழிச்சா, நாளைக்கு எவனோ மிரட்டி அழிக்கச் சொல்வான்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

சனிக்கிழமை, அண்ணியும் நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவரவர் கணினியில் இருப்பதை அவரவர் மட்டுமே நீக்க முடியும் என்பதால், கணினியால் முடியாததைக் காலால் செய்ய வேண்டியதாயிற்று. வீடு வீடாகப் போய், "தப்பா வந்துடுச்சு, கொஞ்சம் எடுத்துடுறீங்களா?" என்று கேட்டார்கள். பொத்தான் கடைக்காரர் அப்படி ஒன்று வந்ததையே பார்க்கவில்லை. இவர்கள் சொன்னபிறகு தேடி எடுத்து, நன்றாகப் படித்துவிட்டுத்தான் நீக்கினார். திரைச்சீலை தைக்கிற அக்கா, தன் அளவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று காட்டினால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நின்றார். சாயங்காலத்துக்குள் பத்து இடம் முடிந்தது.

பதினொன்றாவது, பாட்டு டீச்சரின் வீடு. பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை தைக்க அவரும் அந்தப் பக்கங்களைத்தான் பார்த்து வந்தார். நாத்தனாருக்கு இது வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. "ஐயோ அண்ணி, திரும்பிடலாம்" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வாங்க. நாப்பத்திரண்டு இல்ல, நாப்பத்தொண்ணு" என்றார் டீச்சர்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பியானோவின் மேல் அடுக்கியிருந்த நோட்டுகளையே நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷமா உங்ககிட்ட தைக்கிறேன்" என்றார் டீச்சர். "அளவெடுக்கும்போது என் பசங்களைப் பத்தி, ஸ்கூலைப் பத்தி எல்லாம் கேப்பீங்க. இந்தப் பொண்ணுக்கு என் பேச்சு பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் அளவு நாடாவுக்காகத்தானா?"

இடுப்பளவு போகட்டும், வலித்தது இதுதான் போலிருக்கிறது. நாத்தனார் அழுதுவிட்டாள். "மொத தடவை நாடாவுக்காகத்தான் டீச்சர். அதுக்கப்புறம் நீங்க வர்ற நாளுக்காகக் காத்துக்கிட்டிருப்பேன். உங்க மூத்த பையன் மூணாவது தடவையா வேலையை விட்டதுக்கு எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு பிடிக்கல."

டீச்சர் முகம் கொஞ்சம் இளகியது. "நாலாவது தடவை" என்றார். "போன வாரம்."

"ஐயையோ, ஏன்?"

அப்புறம் அவர்கள் இருவர் பேச்சுக்கு நடுவில் முடிச்சு வாயைத் திறக்க அரைமணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போதுதான், "அந்தக் குறிப்பை..." என்று இழுத்தாள்.

"எடுக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "என்னைப் பத்தி எழுதினது என்கிட்ட இருக்கட்டும். ஆனா வந்து கேட்டீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு."

முடிச்சு திரும்பி நடந்த வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தையே மென்றுகொண்டு வந்தாள். அழிக்கச் சொல்லி உத்தரவு போடக் கூடாது, கேட்கலாமே! வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தாள். எழுதியவரே தன் முத்திரையோடு ஒரு வேண்டுகோள் அனுப்புவார். பக்கம் போன வழியிலேயே அதுவும் போகும். வைத்திருப்பவர் திரையில், "இன்னார் இதைத் திரும்பக் கேட்கிறார், காரணம் இது" என்று வரும். 'சரி' என்றால் எழுத்து போய்விடும், சங்கிலி அறுந்துவிடாமல் கண்ணி மட்டும் வெறுமையாக நிற்கும். 'மாட்டேன்' என்றால் அப்படியே இருக்கும்.

ஆந்தை இரண்டு வாரம் மல்லுக்கு நின்றார். மிரட்டி வாங்கிய வேண்டுகோள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். "மிரட்டல்னு சந்தேகம் வந்தா வெச்சிருக்கிறவங்க 'மாட்டேன்'னு சொல்லட்டும். அத்தனை பேரையும் யாரால மிரட்ட முடியும்?" என்று முடிச்சு எழுதினாள். நாலாம் நாள், அவள் நிரலில் இருந்த இரண்டு ஓட்டைகளைத் தானே அடைத்து, திட்டத்தோடு சேர்த்துவிட்டிருந்தார். கூடவே ஒரு வரி: "அந்த ரெண்டு பொத்தானையும் தயவுசெய்து தள்ளித் தள்ளி வையுங்க."

இன்று பக்கத்துவீட்டில் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. எண்ணுவதற்கு நடுவில் ஆள் இல்லை. மலைப்பாதைப் பஸ் டிரைவர்கள் சாலை நிலவரத்தை அதில் போடுகிறார்கள். தேனீ வளர்ப்பவர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். முடிச்சு இன்னும் லிஃப்ட் கம்பெனிக்குத்தான் போகிறாள். மத்தியான இடைவேளையில் உலகத்தின் புகார்களைப் படிக்கிறாள்.

போன மாதம் வந்த புகார் இது. "என் மாமியார் சமையல் குறிப்பு அனுப்புகிறார். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் வேண்டுகோள் போட்டுத் திரும்பக் கேட்கிறார். சமாதானமானால் மறுபடி அனுப்புகிறார். இந்த வாரம் நாலு தடவை. இதற்கு உங்கள் நிரலில் வழி உண்டா?"

முடிச்சு சோற்றுக் கையோடு வெகுநேரம் சிரித்தாள். கை கழுவிக்கொண்டு வந்து பதில் எழுதினாள்: "உங்களுக்கு 'மாட்டேன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துகிற தைரியத்தை நாங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை."