குளத்தில் இறங்கிய புள்ளி

எங்கள் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. புள்ளியக்கா என்றால்தான் தெரியும். கொழுந்தனின் ரப்பர் வாஷர் பட்டறையில் சரக்கு அனுப்பும் வேலை அவளுக்கு. வேன் போகும் இடத்தைத் திரையில் காட்டும் சிவப்புப் புள்ளியை விட்டு அவள் கண் அகலாது.

"அண்ணி, நீங்க முறைச்சுப் பாத்தா வண்டி வேகமா போயிடுமா?" என்று கொழுந்தன் சீண்டுவான்.

"வண்டி வேகமாத்தான் போகுது. போய் நிக்கிற இடத்துலதான் நேரம் கொள்ளை போகுது" என்பாள்.

உண்மைதான். பழைய ஓட்டங்களைத் திரையில் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். பம்பு கம்பெனிக்குப் போகும் வேன், பயண நேரத்தைவிட அதிக நேரம் அங்கே முன்வாசலில் லாரிகளுக்குப் பின்னால் கிடந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் புள்ளி வரைபடத்துக் குளத்துக்குள் புகுந்து, சட்டென்று கம்பெனிக்குள் முளைத்திருந்தது. கருவிக் கோளாறு என்று நினைத்து டிரைவரைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"வண்டி கழுவலாம்னு பின்னாடி போனேன்க்கா. குளத்த மண்ணப் போட்டு மூடிட்டாங்க. ரோடு மாதிரி ஒண்ணு இருக்கு, சின்ன கேட்டும் இருக்கு."

மறுநாளே நேரில் போய், சின்ன வண்டிகள் அந்த வழியே வர அனுமதி வாங்கிவிட்டாள்.

பம்பு கம்பெனி போட்டி வைத்தது அதற்குப் பிறகுதான். போன் செய்ததும் யார் முதலில் சரக்கை இறக்குகிறாரோ அவருக்கே வருடம் முழுக்க ஆர்டர். போட்டிக்கு வந்த இன்னொரு வாஷர்காரரின் தொழிற்சாலை பெரிது, பக்கத்திலும் இருந்தது. ஆர்டர் கைநழுவினால் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

போன் வந்தது, வேன் பறந்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் திரைமுன் கூடினார்கள். புள்ளி பாலம் தாண்டியது, முன்வாசலைத் தாண்டியது, குளத்தில் இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"நேத்து மழை அண்ணி. சேத்துல மாட்டிக்கிச்சு" என்று கொழுந்தன் தலையில் கை வைத்தான்.

அவள் விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. புள்ளி அசைந்தது. கம்பெனிக்குள் குதித்தது. சற்று நேரத்தில் போன் அடித்தது.

"இறக்கியாச்சுக்கா. வாட்ச்மேன் சாவியத் தேடிக்கிட்டு உயிர வாங்கிட்டான்."

"அவங்க வண்டி?"

"முன்வாசல்ல லாரிக்குப் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சிக்கிட்டு இருக்கு."

பட்டறை அதிர்ந்தது. இது யார் யோசனை என்று பம்பு கம்பெனி மேனேஜர் உடனே போனில் கேட்டபோது, கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க அண்ணி சார். இங்க அவங்கதான் பெரிய புள்ளி."

"பெரிய புள்ளிக்குப் பசிக்குது" என்று எழுந்தாள் அவள். "வண்டி திரும்பி வர்ற வரைக்கும் நீ உக்காந்து முறைச்சுப் பாரு."

அவன் திரைமுன் உட்கார்ந்தான்.