சுண்டுவிரல் அடாப்டரும் ஒன்பது விருந்தாளிகளும்

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் மேல் பாசம் வைக்கும் சொந்தக்காரர்களின் எண்ணிக்கை கூடிவிடும். மற்ற பத்து மாதமும் இருக்கிறோமா போனோமா என்று கேட்காதவர்கள்கூட, அருவியில் தண்ணீர் விழுவதாக டி.வி.யில் சொன்ன மறுநிமிடம் போன் போட்டு என் மூட்டுவலியை அக்கறையாக விசாரிப்பார்கள். மூட்டுவலிக்கு அடுத்த கேள்வி, பேரருவியில் கூட்டம் எப்படி என்பது.

போன வருடம் அந்த சீசனுக்கு நடுவில் எனக்கு ஒரு பரீட்சை வந்தது.

நான் செங்கோட்டைக்காரி. வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் மலையாளம் என்று வளர்ந்தவள். மலையாள சீரியல்களுக்குத் தமிழில் வசனம் எழுத ஆள் தேவை, திரையின் அடியில் ஓடும் அந்த இரண்டு வரிதான், வீட்டிலிருந்தே எழுதலாம் என்று சென்னைக் கம்பெனி ஒன்றின் அறிவிப்பைப் பார்த்தேன். ஒரு குருட்டுத் தைரியத்தில் விண்ணப்பித்துவிட்டேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு மணிநேரத் தேர்வு என்று பதில் வந்தது. போனில் எழுத முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். மூன்று தடவை இணைப்பு அறுந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. நாற்பத்தொன்பது வயதில், நானாகப் பார்த்து, நானாக ஆசைப்பட்ட முதல் வேலை அது. கிடைக்காவிட்டால் அழுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். இவர் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ரகசியம் காப்பார், ஆனால் காக்கிறார் என்பது முகத்தில் தெரியும். வேறு யாருக்கும், முக்கியமாக மைனிக்கு, தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மைனி என்பது இவருடைய அக்கா. மதுரையில் இருக்கிறார். பேரன் எடுக்கிற வயதில் இவளுக்கு என்ன உத்தியோகம் என்று அவர் கேட்பார். எந்த ராகத்தில் கேட்பார், கேட்கும்போது எந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொள்வார் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது, அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு பின்னறையில் ஒரு பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மோடம் இருப்பதோ முன்ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில். முதலில் ஹாலிலிருந்து பின்னறைக்கு ஒரு நீளக் கம்பியை இழுத்தவர் இவர். மூன்றாம் நாள் அதில் தடுக்கி விழுந்தவரும் இவரே. முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே, கம்பி இல்லாத மார்க்கத்துக்கு மாறிவிடலாம் என்று தீர்ப்பு சொன்னார். போனிலிருந்தே இணைப்பை இழுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் சாரல் பிடித்துவிட்டால் போனில் ஒரு கோடு டவர் எடுப்பதே ஜன்னலோரத்தில்தான். அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இவர் வைஃபையைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குத் தரும் ஒரு அடாப்டரை வாங்கிவந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை வைத்திருந்த பெட்டியில் ஒரு மூக்குக் கண்ணாடியே வைக்கலாம். சொருகினால் போதும், வைஃபை ஓடிவந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். இவரும் நம்பிவிட்டார். முப்பது வருடம் யார் சொன்னதையும் நம்பாமல் உத்தியோகம் பார்த்த மனுஷன்.

சொருகினோம். பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணடித்தது. பிறகு, இந்தக் கருவி எது என்று தெரியவில்லை எனக் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. டிரைவர் என்று ஒரு மென்பொருளை முதலில் ஏற்ற வேண்டுமாம். அது பெட்டிக்குள்ளேயே சின்ன சிடியில் இருந்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரின் சிடி தட்டு பாதி தூரம் வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டது. இல்லையென்றால் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று காகிதத்தில் போட்டிருந்தது. இன்டர்நெட் வருவதற்குத்தான் இந்தப் பாடே என்பதைக் காகிதத்தை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

"இது எப்படி இருக்குன்னா, ஜாமீன் மனுவுல கையெழுத்துப் போட ஆளு வெளிய வரணும், வெளிய வரதுக்கு ஜாமீன் வேணும்ங்கிற மாதிரில்லா இருக்கு" என்றார் இவர், பழைய நினைவில்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். இதை எழுத்தில் பதிவுசெய்துவிடுகிறேன், ஏனென்றால் இவர் வெளியில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். சார்ஜர் வயரில் போனைக் கம்ப்யூட்டரோடு கோத்து, போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து, அந்த ஒற்றைக் கோட்டு டவரில் முக்கால் மணிநேரம் பொறுமையாக டிரைவரை இறக்கினேன். அடாப்டருக்கு உயிர் வந்தது. பக்கத்து வீட்டு வைஃபை, எதிர்வீட்டு வைஃபை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எங்களுடையதும் தெரிந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு மோடத்தின் அடிவயிற்றில் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து, பதினாறு எழுத்து. இவர் ஹாலில் மோடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசுகிற முறையில் பின்னறைக்குச் செய்தி அனுப்பினார். ஆல்ஃபா, ஓவர். டாங்கோ, ஓவர். ஃபைவ், ஓவர். வீட்டுக்குள் பேசுகிறோம் என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் அந்தப் பாஸ்வேர்டு தெரியாதவர்கள் என்று யாராவது இருந்தால் அவர்களுக்குக் காது கேட்காது என்று அர்த்தம். எப்படியோ, புதன்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் முழு டவர் நின்றது. வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து பயிற்சி எழுதினேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் வேன் வந்து நின்றது. மைனி, அவர் வீட்டுக்காரர், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள். ஒன்பது பேர். போன் போட்டுச் சொன்னால் நான் சிரமப்படுவேன் என்று சொல்லாமலே வந்தார்களாம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கே ஒரு உத்தியோகம் கொடுக்கலாம்.

சனிக்கிழமை விடிந்ததும் எல்லோரும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு எட்டரைக்குத் திரும்பினார்கள். ஈரத் துணிக்கு வெளியே வழியில்லை, பொசுபொசுவென்று சாரல். அதனால் ஹாலுக்குள்ளேயே நைலான் கயிற்றைக் கட்டினார்கள். ஒரு முனை மோடத்துக்கு மேலே ஜன்னல் கம்பியில், மறுமுனை பின்னறைக் கதவின் கொண்டியில். அதில் ஒன்பது தேங்காய்ப்பூத் துண்டு, நாலு கைலி, மூன்று நைட்டி, கணக்கில் வராத சிறுசுகளின் உடுப்பு. குனிந்துதான் அடுப்படிக்குப் போக முடிந்தது.

ஒன்பதரை மணிக்கு, சட்னிக்குத் தாளிக்கிற சாக்கில் பின்னறைக்குள் நழுவி, கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு கோடு. அதுவும் வந்து வந்து போனது. இவரைக் கண்ணால் கூப்பிட்டேன்.

இவர் விசாரணையில் இறங்கினார். ஒன்பது பேர் கையிலும் போன் இருப்பதுதான் குற்றத்துக்குக் காரணம் என்பது முதல் முடிவு. மோடத்தில் ஏதோ கோளாறு, எல்லாப் போன்களும் கெட்டுப்போகும் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு, போன்களையெல்லாம் பறிமுதல் செய்து இட்லிக் கொப்பரையில் போட்டு மூடினார். பிள்ளைகள் அழுதார்கள். அவர்களின் தகப்பன்மார் இன்னும் அதிகமாகத் துடித்தார்கள். கோடு மட்டும் ஒன்றுக்கு மேல் ஏறவில்லை.

மணி பத்து. அப்போதுதான் சின்ன மருமகள் தலை துவட்டுவதற்காகக் கயிற்றிலிருந்து இரண்டு துண்டுகளை உருவினாள். நான் கதவிடுக்கு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இரண்டானது. துவட்டிவிட்டு அவள் திரும்பப் போட்டதும் ஒன்றானது. எனக்குச் சந்தேகம் தட்டியது. நானே போய் ஒரு கைலியையும் ஒரு துண்டையும் எடுத்துப் பார்த்தேன், ஏறியது. போட்டுப் பார்த்தேன், இறங்கியது. வந்த டவரையெல்லாம் அந்த ஈரத் துணிகள் குடித்துக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் சீசன் துணியைக் காயப்போடுகிறேன், அது இப்படியும் கழுத்தை அறுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

துணியை அள்ளிப் பக்கெட்டில் திணிப்பதுதான் வழி. விருந்தாளி துணியைக் கயிற்றிலிருந்து எடுத்தால், வீட்டை விட்டுக் கிளம்பு என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். ஆகட்டும் என்று எடுத்தேன். இரண்டு கையும் நிறையத் துண்டோடு திரும்பினால் எதிரே மைனி.

"என்னட்டி, எங்க துணிய எல்லாம் அள்ளிக்கிட்டு எங்கன போற?"

இவர் பின்னாலிருந்து மின்வாரியம் என்று எதையோ ஆரம்பித்தார். புளுகிப் புளுகி எனக்கு அலுத்துவிட்டது. சொல்லிவிட்டேன். பரீட்சை, வேலை, பதினொரு மணி, மூன்று தடவை, ஆறு மாதம், ஈரத் துணி, எல்லாம் ஒரே மூச்சில். என் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. மைனியின் கை இடுப்புக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை இடுப்புக்குத்தான் போனது. ஆனால் முந்தானையைச் செருகுவதற்கு.

"பக்கெட்டுல அமுக்குனா மக்கி வாடையடிக்கும்" என்றார். பிறகு ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் எந்திரிங்க. அவங்கவங்க துணிய அவங்கவங்க கட்டுங்க. மறுபடியும் அருவிக்குப் போறோம்."

எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, முகத்தில் பவுடர் போட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், காலையில்தானே குளித்தோம் என்று முனகிப் பார்த்தார். மைனி அவர் மடியில் அவருடைய ஈரக் கைலியை வைத்தார். பத்தே நிமிடத்தில் ஒன்பது பேரும் சில்லென்ற துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வேனில் ஏறினார்கள். பிள்ளைகள் மட்டும் சந்தோஷமாகக் கத்தினார்கள். ஹாலில் வெறும் கயிறு ஆடியது. இவர் வாசல் கேட்டில் போய் நாற்காலி போட்டுப் பாராவுக்கு உட்கார்ந்தார். தயிர்க்காரம்மா மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

முழு டவர். பதினொரு மணிக்குத் தேர்வு திறந்தது.

வந்த காட்சி என்ன தெரியுமா? ஒரு நாத்தனாருக்கும் அவள் தம்பி மனைவிக்கும் சண்டை. மூத்தவள் இளையவளைச் சமையல்கட்டில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். மலையாளத்தில் கேட்கக் கேட்கத் தமிழ் கைக்குத் தானாக வந்தது. பாதி எழுதியபிறகுதான் கவனித்தேன், மூத்தவள் பேசுவதெல்லாம் நான் மைனி பேசுவார் என்று மனதுக்குள் நினைத்துவைத்திருந்த வரிகள். இந்த வயசுல உனக்கு எதுக்கு என்பது உட்பட. இருபத்தாறு வருடத்தில் அவர் அதில் ஒரு வரியைக்கூட என்னிடம் நேரில் சொன்னதில்லை. எல்லாவற்றையும் நானே எழுதி, அவர் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வசனம் பொருத்தமாக இருந்ததால் அழிக்கவில்லை.

ஒரு தடவையும் அறுபடாமல் தேர்வு முடிந்தது. வேன் ஒரு மணிக்குத்தான் திரும்பியது. மைனி நேரே பின்னறைக்கு வந்து, நனைந்த சேலையோடு உள்ளே வராமல் நிலையருகிலேயே நின்றார். உதடு நீலம் பூத்திருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மைனி. உள்ள வாங்க."

"ஈரம்" என்றார். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்குச் சாம்பாரா ரசமா என்று கேட்கிற குரலில் சொன்னார். "எனக்கும் ஒரு காயிதம் வந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி. டெலிபோன் ஆபீஸ் வேல, திருநெல்வேலில இன்டர்வியூ. இதே வீடுதான், சீசன் நேரம், வீடு நெறைய விருந்தாளு. அத்தன பேருக்கும் சோறு வைக்கணும். நான் போறேன்னு சொல்ல வாய் வரல."

நான் ஏதாவது சொல்வதற்குள், தலை துவட்ட வேண்டும் என்று போய்விட்டார். இவரிடம் கேட்டேன். அக்காவுக்கு அப்படி ஒன்று வந்ததே இவருக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துத் தேர்வாகிவிட்டதாக மெயில் வந்தது. இவர் முற்றத்தில்தான் இருந்தார், மகன் போனில் கிடைப்பான். நான் மைனியைத்தான் முதலில் கூப்பிட்டேன். டவர் போய்விடக்கூடாதே என்று ஜன்னலோரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மைனி சொன்னார்.

"ஏட்டி, இனிம சீசனுக்கு யாராவது வாறோம்னு சொன்னா, எனக்கு வேல கெடக்கு, தோதுப்படாதுன்னு சொல்லிரு. எங்களையுஞ் சேத்துத்தான் சொல்லுதேன்."