பதினான்காம் பெட்டி அனுப்பிய ஃபைல்

அன்புக்கரசி கதை கட்டுகிறவள் இல்லை. பயந்தவளும் இல்லை. அவளுக்கு இது நடந்தது பட்டப்பகலில், 2003 ஜூனில்.

திருவொற்றியூரில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. யார்டில் நிற்கும் லாரி நீளக் குளிர்ப்பெட்டி ஒவ்வொன்றும் தன் வெப்பநிலையை ஒரு ஃபைலாக ஆபீஸ் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஃபைல்களில் எல்லாம் நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவளைப் புளியந்தோப்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள். அழுகின இறால் நாற்றம். கீபோர்டில் விரல் வைத்தால் கொழகொழவென்று ஒட்டியது. துடைத்தாள். மறுபடி ஒட்டியது.

கோளாறு சின்னதுதான். சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றினாள். பழைய ஃபைல்களின் நேரத்தையும் திருத்தினாள். மணி 2.20.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்றைத் தவிர.

பதினான்காம் பெட்டியின் ஃபைல். தேதி இன்றையது. நேரம் 3.40... இன்னும் வராத நேரம்.

திருத்தினாள். மறுபடி 3.40. திறந்து பார்த்தாள். மைனஸ் பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்தேழு. மனுஷ உடம்பின் சூடு.

சூப்பர்வைசர் சுப்புராயனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அது காலிப் பொட்டிமா. கரண்டு இல்ல, மிசினயும் கயட்டியாச்சி. அத்த அயிச்சிட்டு கெளம்பு."

அழித்தாள். திரும்ப வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதனோடு மல்லுக்கட்டினாள். விரல்களில் நாற்றம் ஏறிக்கொண்டே போனது.

3.40.

புது ஃபைல் ஒன்று தானாக வந்து விழுந்தது. முப்பத்துமூன்று.

இன்னொன்று. இருபத்தாறு.

வெளியே... டம். டம். டம்.

ஓடினாள். பதினான்காம் பெட்டி. சத்தம் உள்ளேயிருந்து.

"தொறங்கண்ணா. உள்ள ஆளு கீது."

பின்னாலேயே வந்து நின்ற சுப்புராயன் நகரவில்லை. அவளே தாழ்ப்பாளை நெம்பினாள்.

சத்தம் நின்றது.

யாரும் இல்லை.

கதவின் உள்பக்க ரப்பரில்... ஒரு நகம்.

சதையோடு. ஈரமாக.



ஒரு வாரம் கழித்து, அங்கே இறால் உரிக்கும் கெங்கம்மாதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம், நாலு மணிக்குக் கொஞ்சம் முன், சரக்கு அடுக்குகிற பரசுராமன் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அவன் விரலெல்லாம் கிழிந்திருந்ததாம். சரக்கு முழுக்க ரத்தம்.

"அந்த எறாவ கய்வி, வேற பொட்டில போட்டு, அன்னிக்கே கப்பல்ல ஏத்திட்டாங்கமா," என்றாள் கெங்கம்மா.